ஸ்டார்ட் பட்டன் மேல் ஒட்டிய பிளாஸ்திரி

என் வீட்டுச் சாப்பாட்டு மேஜையின் பாதியை ஒரு கீபோர்டு பிடித்துக்கொண்டிருக்கிறது. அதனால் நானும் என் மனைவியும் எதிரெதிரே உட்கார முடியாமல், மீதிப் பாதியில் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து, பஸ்ஸில் போகிறவர்களைப் போலச் சுவரைப் பார்த்துச் சாப்பிடுகிறோம். "கண்டக்டர் வந்தா எனக்கும் சேர்த்து எடுத்துடுங்க" என்று ஒருநாள் சொன்னாள்.

அந்தக் கீபோர்டைத் தேர்ந்தெடுத்தவன் நான். தப்பாகத் தேர்ந்தெடுத்தேன். அதோடு நின்றிருந்தால் இதை எழுத வேண்டிய அவசியம் இருந்திருக்காது. வயதான காலத்தில் தப்பான பொருளை வாங்காதவர் யார்? நான் அந்தத் தப்பை மறைப்பதற்காக, தாளம் பிசகாத ஒரு மனிதரிடம் அவருக்குத் தாளம் பிசகுகிறது என்று சொன்னேன். அவரும் நம்பிவிட்டார். அதைத்தான் சொல்ல வந்தேன்.

நெய்வேலியில் என் உத்தியோகம் முழுவதும் கொள்முதல் பிரிவில் கழிந்தது. சுரங்கத்துக்குக் கன்வேயர் பெல்ட், மின் நிலையத்துக்கு வால்வு, கேன்டீனுக்குக் கரண்டி, எதுவானாலும் எங்கள் வழியாகத்தான் வரும். என்ன வேண்டும் என்று குறிப்பு எழுதுவோம். டெண்டர் விடுவோம். வந்த விலைகளைப் பக்கத்துப் பக்கத்தில் வைத்து ஒப்பிடுவோம். வாங்குவோம். வாங்கிய இயந்திரத்தை யார் ஓட்டப்போகிறார் என்று நாங்கள் கேட்டதே இல்லை. ஓட்டுவதற்கு வேறு பிரிவு இருந்தது. ஒரு தெருவையே விழுங்குகிற அளவு பெரிய மண்வெட்டி இயந்திரத்துக்கு நான் குறிப்பு எழுதியிருக்கிறேன். அதன் ஏணியில் ஒரு படிகூட ஏறியதில்லை. இது அந்தப் பிரிவின் குறை அல்ல, வேலை அப்படி. ஓய்வு பெற்று இத்தனை வருஷம் கழித்து எனக்கென்று ஒரு பொருள் வாங்கப் போனபோதும் அதே புத்தி கூடவே பஸ் ஏறி வந்தது என்பதுதான் குறை.

எங்கள் ஊரில் மாதக் கடைசி என்றால் பணி ஓய்வு விழா. ஓய்வு பெறுகிறவருக்கு மாலை போட்டு, டிபார்ட்மெண்ட் வண்டியில் வீடுவரை கொண்டுவந்து விடுவார்கள். வசதிப்பட்டவர்கள் அன்று மாலையோ மறுநாளோ மண்டபம் பிடித்துச் சாப்பாடு போடுவார்கள். சாப்பாட்டுக்கு முன்னால் பாட்டு இருக்கும். அந்தப் பாட்டுக்கு எங்கள் குழு போகும். காசு வாங்குவதில்லை. சாப்பாடும், பாடுகிறவருக்கும் வாசிக்கிறவர்களுக்கும் ஆளுக்கொரு பொன்னாடையும் உண்டு.

குழுவில் பாடுகிறவர் எங்கள் ஆஸ்பத்திரியில் தலைமை நர்ஸாக இருந்து ஓய்வு பெற்றவர். ஊருக்கே அவர் சிஸ்டர்தான். வார்டில் அவர் "அசையாதீங்க" என்று சொன்னால் ஊசி போட்டுக்கொள்ளாத பக்கத்துக் கட்டில்காரரும் அசைய மாட்டார், அப்படியொரு குரல். தபேலா வாசிக்கிறவர் கணக்குப் பிரிவில் இருந்தவர். அவரை எல்லாரும் அக்கவுண்ட்ஸ் சார் என்பார்கள். முப்பது வருஷம் என் கோப்புகளில் ஆட்சேபம் எழுதித் திருப்பி அனுப்பியவர் அவர்தான். அவர் சம்மதம் இல்லாமல் கொள்முதல் பிரிவு ஒரு குண்டூசி வாங்க முடியாது. ஓய்வுக்குப் பிறகும் அவர் என்னைப் பர்ச்சேஸ் சார் என்றுதான் கூப்பிடுவார். கீபோர்டு வாசித்தவர் ஒருவர் இருந்தார். மகளோடு இருக்க அவர் பெங்களூருக்குக் குடிபோனார், கீபோர்டும் கூடவே போய்விட்டது.

நான் யார் என்றால், மைக்கைப் பிடித்து அறிவிக்கிறவன். "அடுத்து வருவது ஒரு தாலாட்டு" என்று சொல்லுவேன். "நம் பாடகிக்குப் பொன்னாடை போர்த்துமாறு தலைவரை அழைக்கிறேன்" என்று சொல்லுவேன். எத்தனையோ பேருக்குப் பொன்னாடை அறிவித்திருக்கிறேன். அறிவிக்கிறவனுக்குப் போர்த்துமாறு யாரும் அறிவித்ததில்லை. நானே என்னை அறிவித்துக்கொள்ளவும் முடியாது. இந்த ஆசை என்னுள் எவ்வளவு நாளாகப் புழுங்கியது என்று கீபோர்டுகாரர் ஊரைவிட்டுப் போன அன்றுதான் எனக்கே தெரிந்தது.

"இனிமே கீபோர்டு நான் பாத்துக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன்.

சிஸ்டர் என்னைக் காய்ச்சல் பார்ப்பதுபோலப் பார்த்தார். "உங்களுக்கு வாசிக்கத் தெரியுமா?"

"சின்ன வயசுல ஆர்மோனியம்" என்றேன். பொய் இல்லை. சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊர் பஜனை மடத்தில் சில மாதம் ஆர்மோனியம் கற்றுக்கொண்டேன். சரளி வரிசையும் பாதிப் பாட்டும் வரும். மீதிப் பாதி வருவதற்குள் பரீட்சை வந்துவிட்டது.

மறுநாள் காலை குளித்துவிட்டு உட்கார்ந்து, பழைய பழக்கப்படி, தேவைக் குறிப்பு எழுதினேன். எனக்கு வேண்டியது அரேஞ்சர் கீபோர்டு. அதாவது, ஒரு விரலால் சுரம் பிடித்தாலே பின்னணிக்குத் தாளம், தந்தி, குழல் எல்லாவற்றையும் தானே சேர்த்துக்கொள்கிற வகை. அதில் விரலால் அமுக்குகிற சாவிகள் எத்தனைக்குக் குறையாமல், எத்தனை வாத்திய ஒலிக்குக் குறையாமல், எத்தனை தாளக்கட்டுக்குக் குறையாமல் என்று வரிசையாக எழுதி, கடைசியில் எதிர்கால விரிவாக்கத்துக்கு என்று எல்லாவற்றிலும் கொஞ்சம் கூட்டிப் போட்டேன். எங்கள் பிரிவில் அப்படித்தான் போடுவோம். மனைவி வாங்கிப் படித்தாள்.

"எதிர்காலத்துல உங்ககிட்ட விரியக்கூடியது இடுப்பு ஒண்ணுதான்" என்றாள்.

கீபோர்டு வாங்கப் புதுச்சேரிக்கு இருவரும் போனோம். கடையை நடத்துகிறவர் ஒரு அம்மாள், எங்களைவிடக் கொஞ்சம் இளையவர். பின்னலை முன்னால் போட்டுக்கொண்டு ஒரு கிதாருக்குத் தந்தி மாற்றிக்கொண்டிருந்தார். நான் குறிப்பை நீட்டினேன். அவர் அதை வாங்கி, படிக்காமல், மேஜையில் கவிழ்த்து வைத்தார்.

"வாசிக்கப் போறது யாருங்க?"

இந்தக் கேள்வியே எனக்கு ஒழுங்கீனமாகப் பட்டது. என் ஆயுளில் எந்த வியாபாரியும் என்னிடம் அதைக் கேட்டதில்லை.

"நான்தான்."

"எவ்ளோ நாளா வாசிக்கிறீங்க?"

"சின்ன வயசுலேருந்து."

மனைவி கூரையிலிருந்த மின்விசிறியைப் பார்த்தாள்.

"ரெண்டு கையும் தனித்தனியா போகுமா?"

"போகும்."

"கூட தாளத்துக்கு ஆள் இருக்கா, பெட்டியே போடணுமா?"

இதற்கு நான் நேராகப் பதில் சொல்லவில்லை. "எல்லாம் இருக்கட்டும்" என்றேன். இப்போது நினைத்துப் பார்த்தால், அக்கவுண்ட்ஸ் சாருக்கு நான் செய்த துரோகம் அந்த இடத்தில்தான் தொடங்கியது. ஆள் இருக்கிறார் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

அந்த அம்மாள் சுவரோரம் இருந்த சின்னக் கீபோர்டு ஒன்றைக் காட்டினார். பட்டன்கள் குறைவு. சாவிகள் மட்டும் நல்ல அகலம். "எதுக்கும் இதைத் தொட்டுப் பாருங்க. இதுல பழகிட்டு, கை தேறினப்புறம் பெருசுக்குப் போகலாம். விரலுக்குத் தகுந்த வீக்கம்னு சொல்லுவாங்க இல்லையா."

"இது குழந்தைங்க வாசிக்கிறதாச்சே" என்றேன்.

"தெரியாதவங்க எல்லாரும் வாசிக்கிறது. சரி, நீங்க பெருசுலயே ஒரு பாட்டு வாசிச்சுக் காட்டுங்க. உங்க கைக்கு எது சரின்னு சொல்லிடறேன்."

"கையில சின்ன சுளுக்கு."

"எந்தக் கையில?" என்று கேட்டது கடைக்கார அம்மாள் அல்ல, என் மனைவி.

பெரியதையே வாங்கினேன். கடையிலேயே பெரியது அதுதான். வேன் வைத்துக் கொண்டுவந்து மேஜையில் இறக்கினோம். உறையைப் பிரித்துப் பார்த்தேன். மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூம் மாதிரி இருந்தது. எந்தப் பட்டனைத் தொட்டாலும் எங்கோ ஒன்று மினுக்கியது. இடது கையில் சுரம் பிடித்தால் வலது கை நின்றது. வலது கை நகர்ந்தால் இடது கை அதைப் பார்த்து நகர்ந்தது. இரட்டைக் குழந்தைகளைப்போல இரண்டும் ஒன்றையே செய்தன. ஒரு வாரம் முயன்றும் பஜனை மடத்துப் பாதிப் பாட்டுதான் வந்தது, அதுவும் மூன்று இடத்தில் நின்று நின்று.

அப்போதுதான் பதிவு செய்கிற வசதியைக் கண்டுபிடித்தேன். பாட்டை எருமை நடைபோல மெதுவாக, ஒற்றை விரலால், ஒவ்வொரு சாவியாகத் தேடித் தேடி அமுக்கிப் பதிந்துவிடலாம். தப்பினால் அந்த இடத்தை மட்டும் திருத்தலாம். எல்லாம் முடிந்ததும் வேகத்தைக் கூட்டி வைத்தால், அடேயப்பா, ஒரு வாத்தியக் குழுவே வாசிப்பதுபோலக் கேட்கும். மேடையில் நான் செய்ய வேண்டியது ஸ்டார்ட் பட்டனை அமுக்குவது மட்டும். பிறகு சாவிகளின் ஒலியைச் சுத்தமாகக் குறைத்துவிட்டு, விரல்களை அதன்மேல் இஷ்டத்துக்கு ஓடவிடலாம். நான் அப்படித்தான் செய்தேன். கண்ணாடி முன்னால் நின்று தலையை ஆட்டவும் பழகிக்கொண்டேன். தலையாட்டுவதில் எனக்குக் குறை சொல்ல முடியாத தேர்ச்சி வந்தது.

இதில் ஒரே ஒரு சிக்கல். பெட்டி யாருக்காகவும் நிற்காது.

ஞாயிற்றுக்கிழமை மாலை என் வீட்டில் ஒத்திகை. அந்த மாதக் கடைசியில் ஓய்வு பெறப்போகிறவர் அக்கவுண்ட்ஸ் சாரின் தம்பி. மின் நிலையத்துக் கண்ட்ரோல் ரூமில் வேலை. அண்ணன்தான் அவரைப் படிக்கவைத்து, வேலைக்கு மனுப்போட வைத்து, கல்யாணமும் செய்துவைத்தவர். "தம்பி ஃபங்ஷனுக்கு வாசிச்சிட்டன்னா அதுக்கப்புறம் நான் தபேலாவ தூக்கலன்னாலும் பரவால்ல" என்று அவர் அந்த மாதம் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார். அன்று தபேலாவுக்குப் புது உறைகூட போட்டிருந்தார்.

பாட்டு தொடங்கியது. முதல் இரண்டு வரி ஒழுங்காகப் போயிற்று. மூன்றாவது வரியில் சிஸ்டர் ஒரு இடத்தில் குரலை நீட்டினார். அவர் எப்போதும் நீட்டுகிற இடம்தான், மனசுக்குப் பட்ட வரை நீட்டுவார். அக்கவுண்ட்ஸ் சாரின் கை அங்கே அவருக்காக அரை மூச்சு நின்று, சேர்ந்து இறங்கியது. பெட்டி நிற்கவில்லை. அது அடுத்த வரிக்குப் போய்விட்டது. பாட்டு முடியும்போது பெட்டி ஒரு பக்கம், அவர்கள் இருவரும் ஒரு பக்கம்.

"யாரு விட்டது?" என்றார் சிஸ்டர்.

நான் எல்லாவற்றையும் கண்ணால் பார்த்துக்கொண்டிருந்தவன். நான் வாசிக்கவில்லையே, எனக்குப் பார்க்க நிறைய நேரம் இருந்தது. "பெட்டியை எனக்கு நிறுத்தத் தெரியாது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். அதற்குப் பதில் இப்படிச் சொன்னேன்.

"மெஷின் தப்பு பண்ணாதுங்களே."

இன்னொரு முறை வாசித்தோம். அதே இடத்தில் பிரிந்தது. அக்கவுண்ட்ஸ் சார் கணக்கைக் கடவுளாக நினைக்கிறவர். இரண்டு முறை கூட்டி இரண்டு முறையும் தப்பாக வந்தால் தப்பு கூட்டினவன் மேல்தான் என்பது அவர் தொழில் தர்மம். தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"வயசாயிடுச்சு போலகீது சார். எனக்குத் தெரியவே இல்ல."

"பெட்டியிலயே தபேலா இருக்கு. இந்தத் தடவை மட்டும் அதை வச்சுக்கலாம்" என்றேன், ஏதோ விட்டுக்கொடுப்பவன்போல.

"தம்பி ஃபங்ஷன்ல அசிங்கமாயிடக் கூடாது" என்று அவரே சொன்னார். தபேலாவைப் புது உறைக்குள் வைத்துக் கட்டினார். காபி குடிக்காமல் போனார்; சிஸ்டரும் கூடவே கிளம்பிவிட்டார். என் மனைவி மூன்று டம்ளர் காபியையும் என் முன்னால் வைத்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எல்லாவற்றையும் அவள் அடுக்களையிலிருந்து கேட்டுக்கொண்டிருந்தாள்.

சில நாள் கழித்து மார்க்கெட்டில் சிஸ்டரைப் பார்த்தேன். வெண்டைக்காயை முனை ஒடித்துப் பார்த்துக்கொண்டே சொன்னார், "அக்கவுண்ட்ஸ் சார் ஆஸ்பத்திரிக்குப் போயிட்டு வந்திருக்கார். காது டெஸ்ட். தாளம் கேக்கலையாம்."

"என்ன சொன்னாங்க?"

"என்னத்தச் சொல்லுவாங்க, காது ஜம்முனு இருக்காம்."

அப்போதாவது சொல்லியிருக்கலாம். கால் கிலோ கத்தரிக்காய் வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

விழா நாள் வந்தது. மண்டபம் நிறைந்திருந்தது. தம்பி ஆளுயர மாலையோடு மேடையின் நடுவில் உட்கார்ந்திருந்தார். அண்ணன் முதல் வரிசையில், பட்டு வேட்டி கட்டி, கைகளை மடியில் வைத்து உட்கார்ந்திருந்தார். அவரை அந்தப் பக்கம் பார்த்து எங்களுக்குப் பழக்கமில்லை. சாப்பாட்டுக்கூடத்திலிருந்து எட்டிப்பார்த்த சமையல்காரர்கூட, "இன்னாங்க சார், கீழ குந்திகினு இருக்கீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

நான் ஸ்டார்ட் பட்டனை அமுக்கினேன். சிஸ்டர் பெட்டிக்குப் பயந்து, நீட்டுகிற இடத்தையெல்லாம் விழுங்கிக்கொண்டு பாடினார். நான் தலையாட்டினேன். விரல்கள் ஓடின. கைதட்டல் வந்தது. இரண்டாவது பாட்டின் நடுவில் தலைமை விருந்தினர் எழுந்தார். அவருக்கு இன்னொரு விழாவுக்குப் போக வேண்டியிருந்ததால், பொன்னாடையை இப்போதே போர்த்திவிடலாம் என்று யாரோ சொல்லியிருக்கிறார்கள். சிஸ்டருக்குப் போர்த்தினார்கள். அவர் மைக்கை விடாமல் தலையைச் சாய்த்து வாங்கிக்கொண்டார். பிறகு என்னிடம் வந்தார்கள்.

எத்தனை வருஷத்து ஆசை. எழுந்து நின்றேன். பளபளவென்று ஒரு பச்சைப் பொன்னாடை என் தோளில் விழுந்தது. பெரியவர் ஒருவர் பொன்னாடை போர்த்தினால் நம் கைகள் என்ன செய்யும்? இரண்டு கையும் தாமாகச் சேர்ந்து கும்பிட்டன.

அந்த நேரம் பார்த்துப் பாட்டில் குழல் வரும் இடம் வந்தது. சிஸ்டர் பாடாத இடம். மண்டபம் முழுக்கக் குழல் ஒற்றையாகச் சுழன்று சுழன்று ஏறியது. நான் இரண்டு கையையும் நெஞ்சுக்கு நேரே கூப்பி, புன்னகையோடு நின்றேன். விருந்தினர் என் கைகளைப் பார்த்தார். கீபோர்டைப் பார்த்தார். மறுபடி என் கைகளைப் பார்த்தார்.

தம்பிக்குக் கெட்ட எண்ணம் எதுவும் கிடையாது. வேலை செய்த காலமெல்லாம் கண்ட்ரோல் ரூமில் உட்கார்ந்தவர், பேனல் எப்படி ஓடுகிறது என்று அக்கறையாகக் கேட்டார். அவர் மாலையருகே மைக் ஒன்று இருந்ததைக் கவனிக்கவில்லை.

"ஆட்டோல போட்டுட்டீங்களா சார்?"

வந்திருந்தவர்களில் பாதிப்பேர் வால்வையும் பெல்ட்டையும் தானாக ஓடும்படி ஆட்டோவில் போட்டும், கையால் ஓட்ட மேனுவலுக்கு எடுத்தும் வாழ்ந்தவர்கள். சிரிப்பு எழும்பிய வேகத்தில் பந்தியில் இலை போட்டுக்கொண்டிருந்தவர்கள் ஓடிவந்தார்கள். "சார், மேனுவலுக்கு வாங்க" என்று பின்வரிசையிலிருந்து ஒருவர். "அவரு வந்தா அது ட்ரிப் ஆயிடும்யா, வுடு" என்று இன்னொருவர். நான் அவசரமாகக் குனிந்தேன். பொன்னாடை சரிந்து பட்டன்கள்மேல் விழுந்தது. துணிக்கு மேலாக எதையோ அமுக்கினேன். குழல் நின்று, கல்யாண பேண்டு தொடங்கியது. வேறொன்றை அமுக்கினேன். பேண்டு இரண்டு மடங்கு வேகம் பிடித்தது.

"ஒயரைப் பிடுங்குங்க" என்றார் சிஸ்டர், அந்த வார்டுக் குரலில். பிடுங்கினேன்.

அமைதியானதும் முதல் வரிசையைப் பார்த்தேன். அக்கவுண்ட்ஸ் சார் சிரிக்கவில்லை. வலது கையால் மெதுவாகத் தன் காதைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் மைக்கை எடுத்தேன். "எனக்கு வாசிக்கத் தெரியாதுங்க. அக்கவுண்ட்ஸ் சாருக்குத் தாளம் விட்டுதுன்னு நான் சொன்னது பொய். அவருக்கு விடல. என் குட்டு வெளிப்படக் கூடாதுன்னு சொன்னேன்" என்றேன். அறிவிப்பாளனாக இத்தனை வருஷம் எத்தனையோ அலங்காரமாகப் பேசியிருக்கிறேன். அந்த மேடையில் நான் பேசிய உண்மை இது ஒன்றுதான், இதற்குத்தான் பலத்த சிரிப்பும் விசிலும் கிடைத்தன. நிகழ்ச்சியில் ஒரு பாகம் என்று நினைத்துவிட்டார்கள். அக்கவுண்ட்ஸ் சார் எழுந்து, வேட்டியைச் சரிசெய்துகொண்டு, சாப்பிடப் போனார். நான் கும்பிடும் வீடியோ ஓய்வு பெற்றோர் வாட்ஸ்அப் குழு வழியாக எனக்கு முன்னால் என் வீட்டுக்குப் போய்ச் சேர்ந்திருந்தது.

மறுநாள் காலை மந்தாரக்குப்பத்தில் அக்கவுண்ட்ஸ் சார் வீட்டுக்குப் போனேன். அவர் வாசலில் செருப்புக்கு வார் தைத்துக்கொண்டிருந்தார்.

"வாங்க பர்ச்சேஸ் சார். வூடு தெரிஞ்சுதா?"

"நேத்து மைக்ல சொன்னது வேடிக்கைக்கு இல்ல. நிஜம்."

"எது?"

"உங்களுக்குத் தாளம் விடலைங்கிறது."

ஊசியை நூலோடு செருப்பில் குத்தி நிறுத்தினார். "அது உங்களுக்கு எப்பத் தெரியும்?"

நேற்று தெரிந்தது என்று சொல்ல வாய் துடித்தது. "அன்னைக்கே" என்றேன். "சிஸ்டர் நீட்டினாங்க. நீங்க அவங்களுக்காக நின்னீங்க. பெட்டி நிக்கல. பாத்துக்கிட்டேதான் இருந்தேன்."

"பாத்துகினேதான் இருந்தீங்க."

"ஆமா."

"நான் ஆஸ்பத்திரிக்குப் போய்க் காதக் காட்டிகினு வந்தன் சார். டார்ச் அடிச்சுப் பாத்தாங்க. அழுக்குகூட இல்லன்னாங்க. அப்ப கையிலதான் கோளாறுன்னு இவ தினம் எண்ண தேச்சு வுட்டா."

"ஒரு பாட்டில் காலி" என்று உள்ளேயிருந்து அவர் மனைவியின் குரல் வந்தது. அதற்குப் பிறகு அவர் மனைவி வெளியே வந்து எனக்குத் தண்ணீர் கொடுத்தார். காபி வரவில்லை. என் வீட்டில் அவர் குடிக்காமல் போன காபிக்கு அது சரியாகப் போயிற்று.

"முப்பது வருசமா உங்க ஃபைல திருப்பி அனுப்பிகினு இருந்தன்" என்றார் அக்கவுண்ட்ஸ் சார். "ஒரு தடவையாவது பொய்யா ஆப்ஜெக்‌ஷன் போட்டிருக்கனா?"

"இல்ல."

"உங்க மேல கோவத்துலயாவது?"

"இல்ல."

"எந் தம்பி ஒரு தடவதான் சார் ரிடையர் ஆவான்."

தண்ணீரைக் குடித்து முடித்தேன். அவர் செருப்பை எடுத்து மறுபடி தைக்கத் தொடங்கினார். நான் படியிறங்கும்போது தலை நிமிராமல் கேட்டார்.

"அந்தப் பொட்டிய வாங்கும்போது அக்கவுண்ட்ஸ் சம்மதம் வாங்கினீங்களா?"

"இல்ல."

"அதான்."

அதன்பின் நெடுநாள் அவர் வரவில்லை. நான் அந்தப் பெட்டிமேல் போர்வையைப் போர்த்தினேன். அடுத்த மாதக் கடைசியில் எங்களைக் கூப்பிட்டவர்களிடம் சிஸ்டர் முடியாது என்று சொல்லிவிட்டார். என்னிடம் அவர் சொன்னது இதுதான்: "நான் உங்க பெட்டிகூட பாடினது போதும். மூச்சு விடக்கூட அது லீவு தரல."

பிறகு ஒரு காலை, நான் பேப்பர் படித்துக்கொண்டிருக்கும்போது, அக்கவுண்ட்ஸ் சாரும் சிஸ்டரும் சேர்ந்து வந்தார்கள். அவர் உட்காரவில்லை. போர்வையைத் தூக்கிப் பெட்டியைப் பார்த்தார்.

"இது டெட் ஸ்டாக். அப்பிடியே கெடக்கட்டும்" என்றார். ஸ்டோரில் உபயோகப்படாமல் கிடக்கும் சாமான்களுக்கு அவர் பிரிவில் வழங்கும் பெயர் அது. "கெளம்புங்க. புதுச்சேரிக்குப் போவலாம்."

கடைக்கார அம்மாள் என்னை அடையாளம் கண்டுகொண்டார். "சுளுக்கு சரியாயிடுச்சா சார்?"

"சுளுக்கே இல்லம்மா" என்றேன். "இன்னொரு தடவை கேளுங்க. அன்னைக்குக் கேட்டதையே."

அவர் ஒரு நிமிஷம் எங்கள் மூவரையும் பார்த்தார். பிறகு, சிரிக்காமல், கேட்டார்.

"வாசிக்கப் போறது யாருங்க?"

"நான்தான்."

"எவ்ளோ நாளா வாசிக்கிறீங்க?"

"வாசிச்சதே இல்ல. ஆர்மோனியத்துல பாதிப் பாட்டு."

"ரெண்டு கையும் தனித்தனியா போகுமா?"

"ஒரு கையே சரியா போகாது."

"கூட தாளத்துக்கு ஆள் இருக்கா?"

இதற்குப் பதில் சொல்ல வேண்டியவன் நான் இல்லை. அக்கவுண்ட்ஸ் சாரைப் பார்த்தேன். அவர் சுவரில் மாட்டியிருந்த புல்லாங்குழல்களை இருப்பு எடுப்பதுபோல ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தார். கேள்வி காதில் விழுந்தது என்பது எனக்குத் தெரியும். காது ஜம்மென்று இருப்பதாக ஆஸ்பத்திரியே சொல்லியிருக்கிறது.

"கேக்கறாங்கல்ல, சொல்லுங்க" என்றார் சிஸ்டர்.

"இருக்குன்னு போட்டுக்கச் சொல்லுங்க" என்றார் அவர், புல்லாங்குழல்களைப் பார்த்தபடியே. பிறகு திரும்பி, "ஆனா தாளம் போடாத பொட்டியா காட்டும்மா."

"எல்லாத்துலயும் தாளம் இருக்குங்க. ஸ்டார்ட் பட்டனை அமுக்கலைன்னா வராது."

"இவுரு அமுக்குவாரு."

"அந்த பட்டனை மட்டும் கழட்ட முடியாதுங்களே சார்."

சிஸ்டர் கைப்பையைத் திறந்தார். ஓய்வு பெற்று இத்தனை வருஷம் ஆகியும் அந்தப் பைக்குள் ஒரு சின்ன ஆஸ்பத்திரி இருக்கும். பிளாஸ்திரிச் சுருளை எடுத்து, பல்லால் ஒரு துண்டு கிழித்து, அந்தச் சின்னக் கீபோர்டின் ஸ்டார்ட் பட்டன்மேல் ஒட்டி, கட்டைவிரலால் நன்றாகத் தேய்த்துவிட்டார். இன்னும் வாங்காத பொருள். கடைக்கார அம்மாள் பில் புத்தகத்தை எடுத்தார். அன்று நான் ஒதுக்கிய அதே கீபோர்டு அது.

தம்பி குவார்ட்டர்ஸைக் காலி செய்து மந்தாரக்குப்பத்துக்கு வந்திருந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டுக்கு மூவரும் போனோம். பிரிக்காத அட்டைப்பெட்டிகளுக்கு நடுவில் பாய் போட்டிருந்தார்கள். விழாவில் போட்ட மாலை காய்ந்து, இன்னும் ஒரு ஆணியில் தொங்கியது.

"இன்னொரு தடவ ரிடையர் ஆவணுமா நானு?" என்று கேட்டுக்கொண்டே அவர் ஒரு அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்தார். மாலையைப் போட்டுக்கொள்ளட்டுமா என்று மனைவியிடம் கேட்டு வசை வாங்கினார். பிறகு என்னைப் பார்த்து, "இன்னிக்கு மேனுவல்தான சார்?"

"மேனுவல்தான்."

"பாத்து. மொல்ல எடுங்க."

அண்ணன் தபேலாவின் உறையைக் கழற்றினார். சிஸ்டர் பாடத் தொடங்கினார். நான் ஒற்றை விரலால், ஒரு சாவிக்குப் பின் ஒரு சாவியாக, அவர் பின்னால் போனேன். மூன்றாவது வரியில் சிஸ்டர் நீட்டுகிற இடம் வந்தது. நீட்டினார். தபேலா நின்றது. எனக்கு அடுத்த சாவி எங்கே என்று மறந்துவிட்டது. விரல் அந்தரத்தில் அலைந்தது. சிஸ்டர் என்னை ஓரக்கண்ணால் பார்த்துக்கொண்டே இன்னும் நீட்டினார், முகம் சிவந்தது. அக்கவுண்ட்ஸ் சார் இடது கையால் மட்டும் மெல்லத் தட்டித் தட்டி இடத்தைப் பிடித்துவைத்தார்.

"கெடச்சுதா?" என்றார், உதடு அசையாமல்.

"ஒரு நிமிசம்."

தட்டிக்கொண்டே இருந்தார்.

"கெடச்சுது" என்றேன்.

சிஸ்டர் மூச்சு வாங்கிக்கொண்டார். மூவரும் அடுத்த வரிக்குப் போனோம்.